ஏழாம் வாய்ப்பாடு

"ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டதற்குச் சுண்டெலி, "சத்தமா கேளுங்கண்ணா, காதுலயே விழல" என்றாள்.

கேட்டவன் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறவன். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் முன்னால் திருதிருவென்று முழித்து, பதிலுக்குப் பதிலாக வியர்வையைக் கொட்டிவிட்டு வந்தவன். அப்பா தையற்காரர். இந்த வருஷமும் தேறாவிட்டால் படித்தது போதும், கடைக்கு வந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடு என்று கறாராகச் சொல்லிவிட்டார். காஜாவை நினைத்தாலே வாய்ப்பூட்டுக்கு விரல் நுனி வலித்தது.

பேராசிரியர்தான் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். தேர்வில் முழித்தவர்கள் எல்லோரும் பாட்டில் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. ஆளுக்கு ஒரு பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லித்தர வேண்டும். தலைமையாசிரியை வைக்கும் பரீட்சையில் பிள்ளை தேறினால், சொல்லித்தந்தவருக்கும் மதிப்பெண் கிடைக்கும்.

ஒரு பொடிப்பெண், ஒரு வாய்ப்பாடு. ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் வந்தான். வந்த இடத்தில் மாட்டியது சுண்டெலி. மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து, அந்தச் சந்து வழியாகவே பாதிப் பேச்சு வெளியே வரும். அம்மா பாட்டில் கம்பெனியில் பாட்டில் கழுவுகிறாள். பள்ளி விட்டதும் சுண்டெலியும் கூடமாட நின்று பெட்டியில் அடுக்குவாளாம்.

வாய்ப்பூட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். இன்னும் கொஞ்சம் என்றாள். கத்தினான். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"இப்பக் காதுல விழுதுண்ணா" என்றாள் சுண்டெலி. "ஆனா புரியல."

மறுநாள் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தான். கண்ணால் பார்த்தால் கணக்குப் புரியும் என்பது அவன் யோசனை. சுண்டெலி பாக்கெட்டைப் பிரித்து, வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கு போட்டு, மிச்சம் விழுந்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கணக்கு மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வாசலில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிஸ்கட் தீர்ந்துவிட்டது என்று அவன் சொல்ல, அப்படியானால் கதை சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். தப்பிக்க வழியில்லாமல் யானையும் புலியுமாக ஏதோ ஒரு கதையை உளறினான். புலி மாதிரி உறுமச் சொன்னார்கள். உறுமினான்.

"கதை நல்லாப் புரிஞ்சுதுண்ணா" என்றாள் சுண்டெலி. "ஏழாம் வாய்ப்பாடுதான்..."

பக்கத்து பெஞ்சில் அவனைப் போலவே தேர்வில் முழித்த கண்ணாடிக்காரன் ஒருவன் இருந்தான். அவனிடம் படித்தவள் ரெட்டைச்சடை. இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே சிலேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். புலி உறுமும்போதெல்லாம் ரெட்டைச்சடை இந்தப் பக்கம் திரும்பி ஏக்கமாகப் பெருமூச்சு விடுவாள். நல்ல வாத்தியார் கிடைக்காத பிள்ளை, பாவம் என்று வாய்ப்பூட்டு உள்ளுக்குள் உருகினான்.

கடைசி ஆயுதமாக வராந்தாவில் சாக்பீஸால் வரிசையாகக் கட்டம் போட்டான். ஏழு கட்டம் தள்ளி ஒரு தாவு, தாவிய இடத்தில் நின்று எண்ணைக் கத்த வேண்டும். ஆனால் சுண்டெலி குதிக்க மாட்டாளாம், செருப்பு வார் அறுந்திருக்கிறதாம். அவனே குதித்தான். ஏழு. பதினாலு. இருபத்தொண்ணு. சுண்டெலி முதல் தடவையாகச் சரியாகச் சொன்னாள். அவனுக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"ஆனா ஒண்ணுண்ணா. நீங்க குதிச்சாத்தான் எனக்கு வருது."

பரீட்சையன்று பள்ளிக்கூடமே ஒரே அறையில் கூடியிருந்தது. தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார். வாய்ப்பூட்டு ஜன்னலுக்கு வெளியே செடிகளுக்கு நடுவில் ஒளிந்து நின்றான். நாலேழு எத்தனை என்று கேட்டதும் சுண்டெலி கூரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

காஜா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவன் குதித்தான்.

ஜன்னலில் ஒரு தலை ஏறி ஏறி இறங்குவதைக் கண்டு பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். சுண்டெலி காதில் கையை வைத்துக் காட்டினாள். இருபத்தெட்டு என்று கத்திக்கொண்டே குதித்தவன் பூந்தொட்டியில் கால் வைத்து, தொட்டியோடு உருண்டான்.

"உள்ள வாப்பா" என்றார் தலைமையாசிரியை. "குதிக்கறதை இங்க வந்து குதி."

மானம் போனது போனதுதான், மதிப்பெண்ணாவது மிஞ்சட்டும் என்று உள்ளே போனான். மண் ஒட்டிய சட்டையோடு, இத்தனை பேருக்கு நடுவில், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏழாம் வாய்ப்பாட்டைக் குதித்தான். நடுவில் ஒருத்தி புலி என்று கேட்க, ஒரு உறுமலும் சேர்த்துக்கொண்டான். பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். சுண்டெலி கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள்.

பேராசிரியர் எழுந்து வந்து அவன் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"அவ பாஸ். நீயும் பாஸ்" என்றார். "அப்பாகிட்ட நானே சொல்றேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்று இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசியிருக்கிறான். நாக்கு ஒட்டவில்லை, வியர்வைகூடக் குதித்ததால் வந்ததுதான். எல்லாம் இந்தப் பொடிசுக்காகச் செய்தது என்று நெஞ்சு நிறைந்து, சுண்டெலியின் தலையைத் தடவிக் கொடுத்தான்.

பின்னாலிருந்து ரெட்டைச்சடை அழுகிற குரலில் தலைமையாசிரியையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அவளோட அண்ணன் பேசி, கத்தி, இப்ப குதிக்கவே ஆரம்பிச்சுட்டாரு. என் அண்ணன் இன்னும் வாயே திறக்கல. நான் மட்டும் இன்னும் எத்தனை நாளைக்குத்தான் வாய்ப்பாடு தெரியாத மாதிரியே நடிக்கிறது?"