முதல் பாடத்தோடு நின்றவர்கள்

முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேரும் தினேஸ்வரியின் இணையப் பாடத்தைத் திறந்திருந்தார்கள். அத்தனை பேரும் முதல் பாடம் முடிந்ததும் மூடிவிட்டார்கள். இரண்டாம் பாடத்தை ஒரு ஜீவன்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று கணினி காட்டியது.

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் நூலகர் அவள். தகவலை எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர, மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஐந்து பாடங்களைத் தயாரித்திருந்தாள். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

கல்லூரி இயக்குநர் விக்னேஸ்வரன் கதவோரம் நின்றபடியே சொன்னார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பசங்க முடிக்கணும். இல்லன்னா இந்த வேலைய வெளியாளுக்குக் கொடுத்துருவேன். நீங்க தாப்பா கிளைக்குப் போயிரலாம்."

தாப்பா கிளை என்றால் ஓர் அறை, இரண்டு அலமாரி. புந்தோங்கிலுள்ள வீட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். பள்ளிவிட்டு வரும் மகளை யார் பார்ப்பது?

'தயவுசெய்து பாடத்தை முடிக்கவும்' என்று எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். யாரும் அசையவில்லை.

"தயவுசெய்துன்னா எவன் செய்வான்?" என்றார் நூலக முகப்பில் உட்காரும் சன்னாசி. "கொஞ்சம் மிரட்டி எழுதும்மா."

அவள் மிரட்டினாள். 'இன்றே முடிக்காவிட்டால் உங்கள் நூலகக் கணக்கு முடக்கப்படும். உடனே கீழுள்ள இணைப்பை அழுத்தவும்.'

சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் அவள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

"அப்ப ஆசை காட்டிப் பாருலா," என்றார் சன்னாசி.

தன் கைக்காசைப் போட்டுக் கேண்டீனில் பேசிவைத்தாள். 'வாழ்த்துகள். நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். பாடத்தை முடித்தால் நாசி லெமாக் இலவசம். சான்றிதழுக்கு அடையாள அட்டை (ஐசி) எண்ணை அனுப்பவும்.'

மிச்சப் பாதியும் தடுத்துவிட்டது. இலவச நாசி லெமாக்குக்குக்கூட மசியாத பிள்ளைகளை அவள் ஈப்போவில் அன்றுதான் பார்த்தாள்.

வேறு வழியில்லை. புது சிம் கார்டு வாங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஹலோ, காலேஜ் லைப்ரரியிலேர்ந்து பேசுறேன்."

"ஆமாலா," என்றான் ஒருவன். "போன வாரம் ஒருத்தன் பேங்க்லேர்ந்து பேசுறேன்னான்."

தொடர்பு அறுந்தது. அடுத்த மாணவி போனைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"படிச்ச பொண்ணு மாதிரி பேசுற," என்றாள் அந்த அம்மா. "உனக்கு வேற பொழப்பே கிடைக்கலையாம்மா?"

தினேஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அத்துடன் போனை அணைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் மாணவர் பிரதிநிதி மாதுமை உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய சூசாவா, தொல்லையா போச்சு," என்றார் விக்னேஸ்வரன். "நம்ம லைப்ரரி பேர்ல ஒரு பொம்பள ஸ்கேமர் சுத்துறாளாம். மிரட்டுறா, சாப்பாடு தரேங்கிறா, ஐசி நம்பர் கேக்குறா. பசங்க எல்லாரும் புகார் கொடுத்துருக்காங்க. போலீசுக்குப் போகலாம்னு இருக்கேன்."

தினேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"போக வேணாம் சார். அது நான்தான்."

"நீங்களா?"

"வேற என்ன சார் செய்யச் சொல்றீங்க?" அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "ராப்பகலா உக்காந்து பாடம் செஞ்சேன். ஒருத்தர் விடாம முதல் பாடத்தோட ஓடிட்டாங்க. கெஞ்சியாச்சு, மிரட்டியாச்சு, சோறு போடுறேன்னும் சொல்லியாச்சு. இதுங்க மண்டையில எதுவுமே ஏறாது சார். நான் தாப்பாவுக்கே போறேன்."

இயக்குநர் மாதுமையின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஏன் யாருமே முடிக்கல?"

மாதுமை தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எழுதுனவங்க பேரு இல்லாத பக்கத்தை நம்பாம உடனே மூடிடணும்னு முதல் பாடத்துல இருந்துச்சு சார், கடைசி வரைக்கும் தேடிப் பாத்தோம், அந்தப் பாடத்துலயே பேரு இல்ல, மூடிட்டோம்."