ராணுவ முகாமில் 'ஏன்' அண்ணை

குளிரை 'ஏன்' அண்ணை அளவுக்குக் குறுக்கு விசாரணை செய்த மனிதர் ஆஸ்திரேலியாவில் இன்னொருவர் இருக்கவே முடியாது. மெல்பர்னில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் அவர் மூத்த இஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். "குட் மார்னிங்" சொன்னால்கூட ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் இருவரையும் பெரிய ராணுவ முகாம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். முகாம் முழுவதற்கும் ஒரே பாய்லர்தான். சுடுநீர் மண்ணுக்கடியில் குழாய் வழியே ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகும். பாய்லருக்கு வயதாகிவிட்டது. இன்னும் பெரிய கேஸ் பாய்லர் வாங்குவதா, விறகுச் சில்லு எரிக்கும் பாய்லரா, இல்லை வெளிக்காற்றிலிருந்தே சூட்டை இழுத்துத் தரும் மின்சார ஹீட் பம்பைக் கட்டடத்துக்குக் கட்டடம் வைப்பதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

பொறுப்பிலிருந்த மேஜர் பெரிய கேஸ் பாய்லர் என்று முடிவே செய்துவிட்டிருந்தார். "கடைசி வரிசைக் கட்டடத்தில் பையன்கள் ஜாக்கெட்டோடு தூங்குகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

அண்ணை என்னிடம் தமிழில் கிசுகிசுத்தார். "பொயிலர் நல்லாத்தானே கொதிக்குது. பிறகேன் பெடியளுக்குக் குளிருது?"

"பழசாயிடுச்சுல்ல, அண்ணே."

"நானும்தான் பழசு. நான் சூடாத்தானே இருக்கிறன்?"

விசாரணை தொடங்கியது. எங்கே நின்றால் கை விறைக்காது என்று சமையல்காரரைக் கேட்டார். ஒரு சிப்பாயிடம் அனுமதி வாங்கி அவன் கட்டிலில் படுத்தே பார்த்தார். எங்களுக்குத் துணையாக வந்த சார்ஜன்ட் முதலில் சிரித்தார். பிறகு கவலைப்பட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நடுவே மட்டும் பச்சையாக ஒரு நீளக் கோடு. அதன்மேல் கங்காருக்கள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

"தம்பி, இதுகள் ஏன் லைனிலை படுத்திருக்குதுகள்?"

"ராணுவக் கங்காரு, அண்ணே. டிசிப்ளின்."

அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு உறைபனியில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிப் போனார். பச்சைக் கோட்டில் கால் பட்டதும் முகம் மலர்ந்தது. "ஐயோ, என்ன சுகம்! நீரும் வாரும்!"

போனேன். உண்மையிலேயே வெதுவெதுப்பு. சார்ஜன்டும் பூட்ஸைக் கழற்றினார். தன் இடத்தைப் பிடிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல ஒரு பெரிய கங்காரு எங்களை முறைத்தது. அந்த நேரம் பார்த்தா மேஜர் வர வேண்டும்!

"இங்கே என்ன நடக்கிறது?"

"சூடு எங்கே போகிறது என்று தேடினோம், சார். கங்காருக்களுக்குப் போகிறது" என்றார் அண்ணை.

மண்ணுக்கடியில் குழாயைச் சுற்றியிருந்த உறை இற்றுப்போய், சூடெல்லாம் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது. பாய்லரைப் பெரிதாக்கினால் கங்காருக்களுக்குத்தான் கொண்டாட்டம். மேஜர் குனிந்து புல்லைத் தொட்டார். தொட்ட கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அளந்து, ஒப்பிட்டு, மண்ணுக்கடியில் குழாயே தேவைப்படாதபடி கட்டடத்துக்குக் கட்டடம் ஹீட் பம்ப் என்று எழுதிக் கொடுத்தோம். அடுத்த குளிர்காலத்தில் பையன்கள் ஜாக்கெட் இல்லாமல் தூங்குவதாக மேஜர் தகவல் அனுப்பினார். அண்ணைக்கு அதிலும் சந்தேகம். "ஏன், இந்த முறை குளிர் குறைவோ?"

இப்போது ஓய்வு பெற்று, சிட்னி நார்த்மீட்டில் மகளோடு இருக்கிறார். மெல்பர்னில் குளிர் என்று செய்தியில் சொன்னால் போதும், போன் வந்துவிடும்.

"ஜம்பர் போட்டனீரோ?"

"போட்டிருக்கேன், அண்ணே."

"பொய். குரல் நடுங்குது."

போனை வைத்ததும் எழுந்துபோய்க் கம்பளி ஜம்பரை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நாற்பதைத் தாண்டிய என்னை அப்படி அதட்ட இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?