நான்காம் பத்திக்குப் பூஜ்யம்

பெருமதிப்பிற்குரிய தலைமைத் தேர்வாளர் திரு. ஹேதர்லி அவர்களுக்கு,

ஸ்கார்பரோவிலிருந்து எனிட் கார்ஸ்வெல் எழுதுவது. தாங்களும் துணைவியாரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே ஜூலை மாதத்துக்குரிய மழை குறைவில்லாமல் பெய்கிறது. நானும் என் கணவர் டெரிக்கும் நலம். நலமில்லாதவை தாங்கள் எனக்கு அனுப்பும் விடைத்தாள்கள்தான்.

இருநூறு ஆண்டுப் பழைய அந்தக் கவிதையைப் பள்ளியில் நடத்தியவள் நான். இருபத்தாறு வருடமாக அதற்கான விடைகளையும் திருத்துகிறேன். மூன்றே பத்தி. முதலாவதில், சதுப்பு நிலத்தில் ஒரு பேரரசரின் கோட்டைக் கதவு மட்டும் தனியாக நிற்கிறது. தலை குனியாமல் அதைத் தாண்டியவர்களை அவர் என்ன பாடு படுத்தினார் என்பது இரண்டாவது. மூன்றாவதில் ஆடுகள் குனியாமல் உள்ளே போய் வெளியே வருகின்றன. அதிகாரம் நிலைக்காது, ஆடு நிலைக்கும், முடிந்தது கவிதை. ஆனால் திங்கட்கிழமை கணினியில் வந்த முதல் தாளிலேயே ஒரு பிள்ளை, "நான்காம் பத்தியில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவி" என்று ஆரம்பித்திருந்தது. இல்லாததை எழுதினால் பூஜ்யம், போட்டேன். அடுத்த தாள் வேறு பள்ளி, வேறு கையெழுத்து, அதே கிழவி. அரசர் செத்துப்போனது தெரியாமல், குனியாதவர்களின் பெயரை எழுதிக்கொண்டே இருக்கிறாளாம். எங்கள் கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மதிப்பெண் முன்பே முடிவான தாள்களைச் சொல்லாமல் கலந்து அனுப்புவது தங்கள் வழக்கமாயிற்றே! அந்தப் பொறிதான் இது என்று புரிந்துகொண்டு, கிழவி வந்த அத்தனை தாளுக்கும் பூஜ்யம் போட்டேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு.

இன்று காலை, தாள் திருத்தும் எங்கள் குழுவின் தலைவி கீலி போன் செய்தாள். ஒரு காலத்தில் என் வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான்.

"மிஸ், கொஞ்சம் நிறுத்துங்க. கேள்வித்தாளை எடுத்து ஒரு தடவை பாருங்க, ப்ளீஸ்."

"எனக்கே பாடம் நடத்துறியா? அந்தக் கவிதை எனக்கு மனப்பாடம்டி!"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க, மிஸ்."

நேற்று நான் யாரிடமும் பேசவே இல்லை. இந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்கள், பார்த்தீர்களா! கோபத்தோடு அடுத்த தாளைத் திறந்தேன். "கிழவியின் கையருகே ஆறிப்போன கோப்பை இருக்கிறது, யாரோ அதை மாற்றி மாற்றி வைக்கிறார்கள்" என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து டெரிக் பின்னால் வந்து நின்றார்.

"இதுவும் ஆறிப்போச்சே, எனிட். காலையிலேர்ந்து நாலாவது டீ."

"யாரு கேட்டா டீ?"

"நீதாம்மா கேட்டே. நாலு தடவையும் நீதான் கேட்டே."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். எதற்கும் அந்தத் தாளுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டேன். ஐயா, இந்த விளையாட்டை நிறுத்துங்கள், ஆனால் என் வேலையை மட்டும் பறித்துவிடாதீர்கள். பள்ளி போயிற்று, பதவி போயிற்று. இன்னும் நாலு பேர் எனக்குப் பயப்படுகிறார்கள் என்றால் அது இந்தச் சிவப்பு மதிப்பெண்ணால்தான்.

தங்கள் முழங்கால் வலியும் தோட்டத்து ரோஜாக்களும் விரைவில் தேற வேண்டும் என வாழ்த்தும்,
எனிட் கார்ஸ்வெல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் டெரிக் இதைப் படித்தார். நான் பாடம் நடத்திய பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்து வைத்தார். நான்கு பத்தி இருக்கிறது, ஐயா. நான்காவதின் ஓரத்தில் பென்சிலால், என் இளவயதுக் கையெழுத்தில், "கவிதையின் உயிரே இதுதான். பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. அந்த இருநூற்றுப் பதின்மூன்று தாளையும் வேறு யாரையாவது திருத்தச் சொல்லுங்கள். என் கடவுச்சொல்லை இன்றே முடக்கிவிடுங்கள். நாளைக்கு நானே கேட்டு எழுதினாலும் திரும்பத் தராதீர்கள்.