அடுத்த எபிசோடு பார்க்காத வாத்தியார்

சிரிக்க வைத்துப் பாடம் நடத்தினால் எல்லோருக்கும் புரியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படிச் சொல்லித் திரிந்தவன் நான்தான். புரியத்தான் செய்யும், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் யாருக்கு எது புரியும் என்பது நம் கையில் இல்லை. நான் அப்படி நடத்திய ஒரே ஒரு பாடத்தில் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது.

நான் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறவன். புதுக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் சபை. அங்கே வருடந்தோறும், கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கு ஒருநாள் வகுப்பு நடக்கும். அதில் உட்காராமல் போதகர் யாருக்கும் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டார். காலையில் வேதபாடம், அதன்பின் ஒரு டாக்டர், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் 'வேலையும் குடும்பமும்' என்ற தலைப்பில் நான். மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். மாப்பிள்ளைகள் தூங்குவார்கள். பெண்கள், மாப்பிள்ளை தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று இறங்கினேன். என் மகள் டிவியில் ஒரு காமெடித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர்கள். வந்ததும் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாயா கேட்கிறான். ஒருநாள் அவள் "இன்னைக்கு நீயே போடு" என்று உட்கார்ந்துவிடுகிறாள். அந்த நேரம் பார்த்து அவனுடைய மேலதிகாரி வீட்டுக்கு வருகிறார். அடுக்களையில் இவன் படுகிற பாடும், கடைசியில் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்பதும்தான் அன்றைய கதை. எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துவதை இவர்கள் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்களே என்று தோன்றியது. மறுநாளே அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

என் மனைவி ஜாஸ்மின் பள்ளிக்கூட டீச்சர். வகுப்பு நாள் காலையில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தொடரை முழுசா பாத்தியளா?"

"முழுசா என்னத்துக்கு? ஒரு எபிசோடு பாத்தா போராதா? விஷயம் கிட்டியாச்சு."

(அவள் போட்டுக் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொன்னேன். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

வகுப்பு, ஜோடிகளுக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஜோடி என்றால் இரண்டு பேர் கிடையாது. பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று அம்மா வருவாள். அம்மாவுக்குத் துணையாகச் சித்தி வருவாள். பெண் வீட்டார் வந்தால் நாம் போகாமல் இருந்தால் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா வருவாள். வந்தவர்களைப் போகச் சொல்ல எந்தப் போதகருக்கும் தைரியம் கிடையாது. ஆக, முன்னால் ஜோடிகளும் பின்னால் மாமிமாருமாக மண்டபம் நிறைந்திருந்தது.

புரொஜெக்டர் கிடைத்தது, திரை கிடைக்கவில்லை. ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டினோம். மின்விசிறி ஓடியபோது வேட்டி உப்பி, கதாநாயகனுக்கு நிறைமாத வயிறு வந்துவிட்டது. விசிறியை நிறுத்தினால் மாமிமார் புழுங்குகிறது என்றார்கள். கடைசியில் வேட்டியின் இரண்டு முனைகளையும் இரண்டு மாப்பிள்ளைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ள, என் பாடம் ஆரம்பமாயிற்று.

உண்மையைச் சொன்னால், பிரமாதமாகத்தான் போனது. ஒருவர்கூடத் தூங்கவில்லை. கதாநாயகன் சர்க்கரை டப்பாவைத் தேடும் இடத்தில் மண்டபமே குலுங்கிற்று. படம் முடிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் ஞானபாய் மாமி எழுந்தார். மாப்பிள்ளைகளில் ஒருவனான ஜெபினின் அம்மா அவர். புதுக்கடை ஜங்ஷனில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் பையன் அவன்.

"சாரே, இது பாதிதான."

"பாதி இல்ல மாமி. எபிசோடு இவ்வளவுதான்."

"இதுக்கு அடுத்தது ஒண்ணு உண்டு. அதுலதான் காரியமே இருக்கு. நாங்க எல்லாரும் பாத்தாச்சு."

பின்வரிசை மொத்தமும் தலையாட்டியது. நான் அங்கேயே ஜெபம் சொல்லி முடித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "அதில் என்ன மாமி வரும்?" என்று கேட்டேன். பாடம் நடத்த வந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

"அந்தப் பெண்ணு வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருந்திரும். பெறவு எல்லாம் செரியாவும். அதையும் போடுங்க. பிள்ளையளும் பாக்கட்டும்."

என்னிடம் அது இல்லை, இங்கே நெட்டும் கிடையாது என்று தப்பிக்கப் பார்த்தேன். வேட்டியின் இடது முனையைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெபின், ஒரு கையால் தன் போனை எடுத்து நீட்டினான்.

"என் போன்ல நெட் உண்டு சாரே."

அந்தப் பையன் அன்று தன் கையாலேயே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான்.

அந்தப் போனைப் புரொஜெக்டரில் மாட்ட, அடுத்த எபிசோடு ஓடியது. மாமியார் வருகிறாள். முந்தின நாள் மகன் சாயா போடப்போய்க் கரியவிட்ட பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மருமகளுக்கு மனம் உருகுகிறது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு, தலை நிறையப் பிச்சிப்பூவோடு சாயாத் தட்டை ஏந்தி வருகிறாள். புருஷன் இப்போதும் செருப்பைக் கழற்றவில்லை. "நேத்தைக்கே விட்டிருந்தா பாத்திரமாவது மிஞ்சியிருக்கும்" என்கிறான். தொடருக்குள் சிரிப்பு. மண்டபத்தில் அதைவிடச் சிரிப்பு. ஞானபாய் மாமி கைதட்டினார். ஜெபின் வேட்டியே ஆடும்படி சிரித்தான். என் பாடம் என் கண்முன்னாலேயே தலைகீழாகக் கவிழ்ந்துகொண்டிருந்தது. நானோ ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் எழுந்து நின்றாள். பிரின்சி. ஜெபினுக்கு நிச்சயமான பெண். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். தினமும் காலை பஸ் பிடித்துப் போய் வருகிறவள்.

"நீங்க எதுக்கு சிரிச்சிய?" என்று ஜெபினைப் பார்த்துக் கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்."

"எல்லாரும் எனக்குத் தாலி கெட்டப் போறது இல்லியே."

வேட்டியின் ஒரு முனை மெல்லக் கீழே இறங்கியது.

"அவ வேலைய விட்டப்ப உங்களுக்குச் சிரிப்பு வந்து. என் வேலையப் பத்தி இதுவரைக்கும் நீங்க வாய தொறக்கல்ல. இப்ப சொல்லுங்க. கல்யாணம் கழிஞ்சா நான் வேலைக்குப் போணுமா, வீட்டுல நிக்கணுமா?"

ஜெபின் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு.

"அதெல்லாம் வீட்டுக்குள்ள பேசிக்கிடலாம் மக்கா" என்றார் ஞானபாய் மாமி.

"வீட்டுக்குள்ள வந்த பெறவு பேசி என்னத்துக்கு மாமி?" என்ற பிரின்சி, போதகர் பக்கம் திரும்பினாள். "பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை எங்க ஓலைய வாசிக்காண்டாம். இவிய பதில் சொன்ன பெறவு வாசிச்சா போரும்."

கல்யாணத்துக்கு முன்னால், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஓலை என்று பெயர். இவர்களுக்கு முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலை அந்த வாரம் நின்றால், சாயங்காலத்துக்குள் புதுக்கடை முதல் இனயம் வரை ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். போதகர் என்னைப் பார்த்தார். "ரெண்டு வசனம் சொல்லி முடிச்சிருக்கலாமே சார்" என்றார். அவர் அவ்வளவு அலுத்துப்போய்ப் பேசி நான் கேட்டதில்லை.

என்னால் வந்ததை நானே சரிசெய்கிறேன் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. (சும்மா இருந்திருக்கலாம். எந்தக் காலத்தில் நான் சும்மா இருந்தேன்?)

"மக்கா, ஆம்பளைய மனசு வச்சா இது ஒரு பிரச்சினையே இல்ல. எங்க வீட்டையே எடுத்துக்கிடுங்க. நானும் வேலைக்குப் போறேன், என் வீட்டுக்காரியும் போறா. வீட்டு வேலைய ரெண்டு பேரும் பங்கு வச்சுத்தான்..."

மண்டபத்தின் பின்வாசலில் 'ணங்' என்று ஒரு சத்தம். சாயாக் கெட்டிலைத் தரையில் வைத்த சத்தம். அன்று வகுப்புக்குச் சாயாவும் வடையும் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. அந்தச் சங்கத்தின் செயலாளர் என் மனைவி ஜாஸ்மின் என்பதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"இஞ்ச பாருங்க" என்றாள். "நீங்க கடைசியா எப்ப சாயா போட்டிய?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது ஒருநாள் விருந்தாளிகளுக்குச் சாயா கொடுத்தது ஞாபகம் வந்தது. அதுவும் பக்கத்துக் கடையில் தூக்குவாளியில் வாங்கி வந்து தம்ளரில் ஊற்றியது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. "நீ பிரசவத்துக்குப் போனப்ப..." என்று இழுத்தேன். ஒரு காமெடித் தொடரும் வேண்டியிருக்கவில்லை. மண்டபம் அப்படிச் சிரித்தது. போதகர் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஞானபாய் மாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிக்காமல் நின்றது ஜெபின் மட்டும்தான். பிரின்சி அதைக் கவனித்துவிட்டாள்.

"இதுக்கு ஏன் சிரிக்கல்ல?"

"எனக்கும் சாயா போடத் தெரியாது" என்றான். "சாருக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வரும்லா."

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தாள். அதுவரை அவள் கிளம்பிப் போய்விடுவாள் என்றே நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் பகைவனுக்கும் வரக்கூடாது. மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கும் முன்பே, "டிவி போட்டுக் காட்டி கல்யாணத்த நிறுத்திட்டியளாமே சாரே" என்றாள். பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தவர்கள் எல்லாம் கதை கேட்கத்தான் கொடுத்தார்கள். ஜெபினின் மாமா ஒருவர் வீட்டுக்கே வந்து, பட்டுச்சேலை எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு வேறு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்ய? சேலையை நானா உடுத்த முடியும்? ஜாஸ்மின் அவருக்குச் சாயா கொண்டுவந்தபோது இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பயமாகவே இருந்தது. அந்தப் பெண் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கல்யாணம் நின்றால் ஊர் அவளைத்தான் பேசும், படம் போட்டவனை இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

சனிக்கிழமை ஜெபின் போன் செய்தான்.

"சாரே, சாயாத்தூளு எப்ப போடணும்? தண்ணி கொதிக்க முன்னயா, கொதிச்ச பெறவா?"

எனக்குத் தெரியாது. போனைப் பொத்திக்கொண்டு ஜாஸ்மினிடம் கேட்டேன். "கொதிச்ச பெறவு" என்றாள். அதை எனக்கு ஏற்கெனவே தெரிந்தது போலக் குரலை மாற்றிக்கொண்டு அவனிடம் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கி, "மத்தது என்ன ஆச்சு மக்கா?" என்று கேட்டேன்.

"அவ வேலைக்குப் போவான்னு அம்மைட்ட சொல்லிட்டேன் சாரே. ரெண்டு நாளா அம்மை என்கிட்ட பேசல்ல. அதான் நானே போட்டுக் குடிக்கேன்."

"பிரின்சிட்ட சொன்னியா?"

"அம்மைட்ட சொன்ன பெறவுதான் அவகிட்ட சொன்னேன். முதல்ல அவகிட்ட சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டா."

மறுநாள் ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரம் வந்தது. போதகர் காகிதத்தை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், வேண்டுமென்றே என் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு ஜெபின், பிரின்சி என்று வாசித்தார். இரண்டாம் ஓலை. நான் விட்ட மூச்சு பாடகர் குழுவரை கேட்டதாக ஜாஸ்மின் சொல்கிறாள். மூச்சு மட்டும்தான் விட்டேன், சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் ஞானபாய் மாமியும் சிரிக்கவில்லை. ஆனால் கல்யாணத்தன்று அவர்தான் முன்வரிசையில் நின்றார்.

பிரின்சி இப்போதும் அதே காலை பஸ்ஸில்தான் போகிறாள். அந்த மத்தியான வகுப்பை இப்போது எடுப்பது ஜெபின். படம் கிடையாது, வேட்டி கிடையாது, ஒரு கேஸ் அடுப்பும் ஒரு பாத்திரமும்தான். மாப்பிள்ளைகள் சாயா போட, பின்வரிசை மாமிமார் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள். என்னையும் வருடந்தோறும் தவறாமல் கூப்பிடுகிறார்கள். பேசுவதற்கு இல்லை. முன்னால் உட்கார வைத்துக் காட்டுவதற்கு.

எங்கள் வீட்டில் அதன்பிறகு நிம்மதியாக ஒரு காமெடி பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. லேசாகச் சிரித்தாலும் போதும், அடுத்த அறையில் இருந்து ஜாஸ்மின் "எதுக்கு சிரிச்சிய?" என்பாள். காரணம் சொல்ல வேண்டும். சொல்லிப் பாருங்கள், பாதிச் சிரிப்புக்குச் சொல்லும்படியான காரணமே இருக்காது. அலுத்துப்போய் நான் செய்திகள் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயமான பையன் வீட்டுக்கு வந்திருந்தான். தோவாளைப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். டிவியில் ஏதோ ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கிண்டல் செய்ய, இவன் வாய்விட்டுச் சிரித்தான். எங்கள் வீட்டில் நெடுநாளாக ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"எதுக்கு சிரிச்சிய?"

நான் எழுந்து அவன் தோளில் கை வைத்தேன்.

"வா மக்கா, அடுக்களைக்குப் போவோம்."

"எதுக்கு மாமா?"

"பெறவு சொல்லுதேன். இப்போதைக்கு ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ. தண்ணி கொதிச்ச பெறவுதான் தூளு போடணும்."