மீன்தொட்டியும் சுயாட்சியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் மலாயா சுதந்திரம் பெற்றது. அதைவிடக் கனமான பொறுப்பு ஒன்று அதே மாதம் காஜா பேராங் நண்பர்கள் கழகத்தின் தலையில் இறங்கியது. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர், தம் மீன்தொட்டியைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேலே மீன்தொட்டி, கீழே வடிதொட்டி. மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரைப் பம்பு திரும்ப ஏற்றும். கரண்டு போனால் ஏறுவது நிற்கும், இறங்குவது நிற்காது. மூன்றாம் நாள் கரண்டு போயிற்று. கழகத்தின் பாய்கள் மிதந்தன.

"வெள்ளைக்காரன் இருந்தப்ப இந்தத் தண்ணி இப்படியா நடந்துக்கிச்சு?" என்று தலைவர் ஷரீஃபுதீன் கொதித்தார்.

செயலாளர் கருணாகரன், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, உடனே 'மின்தடை வெள்ளத் தடுப்புக் குழு' அமைத்தார். இனிக் கழகத்தின் முன் அனுமதியின்றிக் கரண்டு போகக் கூடாதென்று மின்சார அலுவலகத்துக்குக் கடிதமும் பறந்தது.

"கிராணி ஐயா, கீழ்த்தொட்டிய ரொப்பாதீங்க லா," என்றாள் தரை துடைக்கும் சாரதாம்பாள். "நாலு வாளிக்கு எடம் விட்டா வழியாது."

"சாரதா, இது இஞ்சினியர் சமாச்சாரம்."

குறைந்த தண்ணீர் கழகத்துக்குக் கௌரவக் குறைவு. எனவே குழு தினமும் காலையில் கீழ்த்தொட்டியை விளிம்புவரை நிரப்பியது. குழு போனதும் அவள் நாலு வாளி மொண்டு வாசல் செடிக்கு ஊற்றினாள். கருணாகரன் கண்ணால் பார்த்தார். குறிப்பேட்டில் ஏறாததால் அது நடந்ததாக ஆகவில்லை.

மூன்று மாதத்தில் ஐந்து முறை கரண்டு போயிற்று. ஒரு சொட்டு வழியவில்லை. குழுவுக்கு மாலை விழுந்தது.

"வழியாத தண்ணியத் தொடைக்க ஒரு ஆளா?" என்றார் தலைவர்.

"மொதலாளி, இந்த வேலையும் போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாது," என்ற சாரதாம்பாள், கருணாகரனைப் பார்த்தாள். "ஐயா, நீங்களாச்சும் அந்த நாலு வாளிய..."

கருணாகரன் பேனா மூடியைத் திறந்தார். 'பணிநீக்கம், ஏகமனதாக' என்று எழுதினார்.

மறுவாரம் வெற்றி விழா. பட்டப்பகல், பிரியாணி, ததும்பும் தொட்டி. தலைவர் "தன்னாட்சித் திறமை" என்று வாயெடுத்தபோது மின்விசிறி நின்றது. தண்ணீர் வந்தது. உறுப்பினர்கள் நாற்காலிமேல் ஏறிக் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள், ஒழுங்கு குலையவில்லை.

"இதுக்கு யார் பொறுப்பு? எழுதுங்க கிராணி!"

கருணாகரனுக்கு விடை தெரியும். சரியாக நாலு வாளி. நாற்காலிமேல் நின்றபடியே முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்:

"வெள்ளத்தின்போது பணியில் இல்லாத குற்றத்துக்கு சாரதாம்பாளிடம் விளக்கம் கேட்பது. ஏகமனதாக."