பச்சாதாபம்: பொருள் கூறுக

மனித குலத்தின் அறிவு வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடத்தை எங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் தரவேண்டும் என்று யாய்ரா நினைத்தாள். நினைக்க மட்டும்தான் செய்தாள். வாயைத் திறந்தால் அதற்கொரு கடினச் சொல் தேட வேண்டும். தேடித் தோற்றால் புல் வெட்ட வேண்டும். எளிய ஆங்கிலம் பேசினால் ஒரு பாத்தி, எவே மொழி பேசினால் இரண்டு பாத்தி. எவே மொழியில் நினைப்பதற்கு மட்டும் நிர்வாகம் இன்னும் தண்டனை கண்டுபிடிக்கவில்லை. ஆகவே ஹோ நகரத்து மலையடி மகளிர் பள்ளியின் மகிமையை அவள் தாய்மொழியிலேயே, மனத்துக்குள்ளேயே, நிம்மதியாகப் போற்றியபடி மொட்டை அரிவாளால் புல்லை அடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துப் பாத்தியில் அவள் தோழி அக்பெனே. காலை உணவு வரிசையில் நின்றபோது 'பசிக்குது' என்று சொல்லிவிட்டாள். 'க்ஷுத்பாதை என்னை வாட்டுகிறது' என்று சொல்லியிருக்க வேண்டும். யாய்ராவின் குற்றம், அதைக் கேட்டுச் சிரித்தது.

"சிரிப்புக்கும் கஷ்டமான வார்த்தை இருக்காமே?" என்று கிசுகிசுத்தாள் அக்பெனே.

"மந்தகாசம்."

"அடிப்பாவி, நீ சிரிச்சது மந்தகாசமா? கழுதை கத்துன மாதிரி இருந்துச்சு."

"மெதுவாப் பேசுடி. டோட்சே சார் காதுல விழுந்தா, அடக்லு மலை வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும்."

டோட்சே சார் அவர்களுடைய ஆங்கில ஆசிரியர். அவர் வருவதற்கு முன்பு வட்டார அருஞ்சொல் போட்டியில் மலையடிப் பள்ளி கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் வந்தார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட நாவல் ஒன்றைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்ததில் ஒரு பேருண்மை அவருக்குப் புலப்பட்டது: சொற்களுக்கு நடுவே கதையும் கலந்திருப்பதுதான் பிள்ளைகளைத் தாமதப்படுத்துகிறது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கதையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, சொற்களை மட்டும் மாணவிகளுக்கு ஊட்டினார். ஒரே வருடத்தில் வட்டாரக் கோப்பை வீடு வந்தது. கண்ணாடிக் கோப்பை, ஒரு கைக்குழந்தை உயரம். கூட்ட அரங்கின் மேடையில் அதற்கென்று ஒரு மேசை, மேசைக்கு ஒரு வெல்வெட் துணி.

கதை படிப்பது அதன்பிறகு ஒழுக்கக்கேடாகக் கருதப்பட்டது. பதினோராம் அத்தியாயத்தைப் படித்து ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

"எத்தனை சொல் பொறுக்கினாய்?" என்று கேட்டார் டோட்சே சார்.

"ஒண்ணும் இல்ல சார். அவ அம்மா செத்துட்டாங்க."

"'செத்துட்டாங்க'வா! 'பரலோகப் பிராப்தி' அந்தப் பக்கத்தின் மூன்றாவது வரியிலேயே இருக்கிறதே! கண்ணீர் மறைத்துவிட்டதா?"

அந்தப் பெண் ஒரு பாத்தி வெட்டினாள்.

இயக்கத்தின் பலன்கள் நாளுக்கு நாள் பெருகின. விடுதிக்குள் ஒருநாள் பாம்பு வந்தது. பார்த்தவள் சட்டத்தை மதிக்கும் பெண், 'உரகம்! உரகம்!' என்று கூவினாள். ஒன்பதாம் அத்தியாயம் வரை வந்திருந்தவர்கள் கட்டில்மேல் ஏறினார்கள். எட்டாம் அத்தியாயத்தில் இருந்தவர்கள், 'உரகமா? யாரைப் பார்க்க வந்திருக்கு?' என்று அன்போடு கேட்டபடி வாசலுக்குப் போனார்கள். பாம்புக்கே சங்கடமாகிப் போய்விட்டது.

இந்த இயக்கத்தின் சிகரம் யாய்ரா. எந்தச் சொல்லைக் கேட்டாலும் மூச்சு விடுவதற்குள் பொருள் சொல்வாள். தலைநகர் அக்ராவில் நடக்கப்போகும் தேசியப் போட்டிக்கு அவள்தான் அணித்தலைவி. ஹோ சந்தையில் அக்ப்லே என்னும் சோளக்களி உருண்டை விற்கும் அவள் அம்மா, 'என் மகள் தொலைக்காட்சியில் வரப்போகிறாள்' என்ற செய்தியை ஒவ்வொரு உருண்டையோடும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கோப்பை உடைந்தது ஒரு வியாழக்கிழமை.

யாய்ராவும் அக்பெனேயும் அரங்கைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் டோட்சே சார் தனியாக நின்று, பெற்றோர் தினத்துக்கான உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'நமது வெற்றி பிரம்மாண்டமானது' என்ற வரி வந்தது. கைகளை விரித்தார். 'பிரம்மா' வரை அவர் சொன்னார். முழங்கை கோப்பையைச் சந்தித்தது. மீதியைத் தரையில் கோப்பை சொன்னது.

ஹோவில் யார் கையிலிருந்து எது விழுந்தாலும், யார் கால் எங்கே இடறினாலும், பார்த்தவர் 'பபா' என்று சொல்லியாக வேண்டும். தப்பு யாருடையது என்ற பேச்சே அதில் கிடையாது. 'உனக்கு இப்படி ஆயிடுச்சே' என்று, இழந்தவரிடம் சொல்வது. அவர் 'யோ' என்று அதை வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். அம்மா முதுகில் தொங்குகிற வயதிலேயே தொற்றிக்கொள்கிற மரியாதை இது. சொல்லாமல் நிற்பவளை ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

அக்பெனேயின் வாய் தானாகத் திறந்தது. "ப—" என்றாள். இரண்டு பாத்தி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள். ஆனால் பாவம், மனிதர் உடைந்த கண்ணாடிக்கு நடுவே கையை விரித்தபடியே நிற்கிறார், ஏதாவது சொல்லத்தானே வேண்டும். நாவலிலிருந்து பொறுக்கிய சொற்களை அவசரமாகத் துழாவினாள். இரக்கம் மாதிரி ஒலிக்கிற ஒன்று கையில் தட்டுப்பட்டது.

"சார், நான் அளவில்லாத பச்சாதாபம் அடைகிறேன்."

சத்தம் கேட்டு ஓடிவந்த தலைமையாசிரியை செடோஃபியா மேடம் வாசலில் நின்றதும் அந்த வாக்கியம் முடிந்ததும் ஒரே நேரம்.

"பச்சாதாபமா?" என்றார் மேடம். "அப்படியானால் உடைத்தது நீதானா?"

அக்பெனே டோட்சே சாரைப் பார்த்தாள். யாய்ராவும் பார்த்தாள். டோட்சே சார் மின்விசிறியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, "சொல்லைப் பிழையில்லாமல் உச்சரித்தாள், மேடம்" என்றார்.

தவணை முடியும்வரை பள்ளியிலிருந்து நீக்கம், தேர்வு எழுத முடியாது என்று பேச்சு கிளம்பியது. வெள்ளிக்கிழமை ஒழுங்கு மன்றம் கூடி முடிவெடுக்கும்.

"நான் பாவம்னு சொன்னேன்டி" என்றாள் அக்பெனே. கரி என்கிற மரவள்ளி ரவையில் தண்ணீரும் சர்க்கரையும் விட்டுக் குழைத்து வைத்திருந்தாள், சாப்பிடவில்லை. "அவங்க பாவின்னு எழுதிக்கிட்டாங்க. தேர்வு எழுதலைன்னா எங்கப்பா என்னை எல்லை தாண்டி லோமேல அத்தை கடைக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் திரும்பி வர்றதெல்லாம் இல்ல. நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"சொல்லுவேல்ல?"

யாய்ரா, 'சொல்வேன்' என்று உடனே சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகம் குறுக்கே வந்தது. அக்ப்லே உருண்டையோடு அவள் பரப்பிய செய்தி வந்தது. "கரியைச் சாப்பிடு, ஊறிப்போகுது" என்றாள். அக்பெனே கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

மாலைப் படிப்பு வேளையில் யாய்ரா நாவலின் பதினான்காம் அத்தியாயத்தை எடுத்தாள். பச்சாதாபம் அங்கேதான் இருக்கிறது. சொல்லுக்கு மேலே ஒரு வரி படித்தாள். அதற்கு மேலே ஒரு வரி. அப்படியே பின்னோக்கிப் போய் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டாள். கதையின் நாயகிக்கு ஒரு தோழி. செய்யாத திருட்டுக்குத் தோழியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாயகிக்கு உண்மை தெரியும். சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'நிராதரவு', 'நிஷ்டூரம்', 'பச்சாதாபம்' என்று அள்ள அள்ளச் சொற்கள் கிடைத்த அத்தியாயம் அது. அவற்றைப் பொறுக்கிய அன்று யாய்ரா துள்ளிக் குதித்திருந்தாள். அங்கே ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

புத்தகத்தை மூடினாள். இதற்கு என்ன பெயர் என்று யோசித்தாள். தெரிந்திருந்த அத்தனை சொற்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன.

மறுநாள் தாழ்வாரத்தில் டோட்சே சார் அவளை நிறுத்தினார்.

"யாய்ரா, முகத்தில் சோபை குறைந்திருக்கிறதே? அக்ராவில் விளக்கு வெளிச்சம் பலமாக இருக்கும். பிரகாசமாக வர வேண்டும்."

"சார், அந்தக் கோப்பை..."

"கோப்பை அநித்தியம். சொல்தான் நித்தியம்." குரலைத் தாழ்த்தினார். "இன்று உன்னிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள். பொருள் மட்டும் சொல். பொழிப்புரை வேண்டாம்."

முழங்கையை மறு கையால் பிடித்தபடி நின்றார். சட்டைக்குள் பிளாஸ்திரி ஒட்டியிருப்பது புடைப்பாகத் தெரிந்தது. இவரும் செடோஃபியா மேடத்துக்குப் பயந்தவர்தான், ராத்திரி இவரும் தூங்கியிருக்க மாட்டார் என்று யாய்ராவுக்குத் தோன்றியது. ஆளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

ஒழுங்கு மன்றம் தலைமையாசிரியை அறையில் கூடியது. நடுவில் செடோஃபியா மேடம். ஒருபுறம் பள்ளியின் பாதிரியார். மறுபுறம் 'மொழி வல்லுநர்' என்ற முறையில் டோட்சே சார். சுவரோரம் அக்பெனே, தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி. நீதிக்குத் தேவையான எல்லாம் அங்கே இருந்தன, கோப்பையை உடைத்தவர் உட்பட.

"யாய்ரா" என்றார் மேடம். "பச்சாதாபம். பொருள் கூறுக."

"மேடம், நேத்து நானும் அங்கதான் கூட்டிக்கிட்டு இருந்தேன். நான் பாத்தது என்னன்னா—"

"பார்த்ததைச் சொல்பவர் சாட்சி. உன்னைச் சாட்சியாக அழைக்கவில்லை. அகராதியாக அழைத்திருக்கிறோம்."

பாதிரியார் கனிவோடு தலையசைத்தார். "அகராதி எதையும் பார்க்காது, மகளே. அகராதியைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள்."

பொருள் யாய்ராவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. 'தான் செய்த தவறை எண்ணி வருந்துதல்.' சொல்லிவிட்டு வெளியே போகலாம். சொன்னது பொய்யாகவும் இருக்காது. பொய்யே சொல்லாமல் ஒருத்தியை லோமேவுக்கு அனுப்ப முடிகிற அளவுக்குத் தான் படித்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தெரியவில்லையா?"

"தெரியும், மேடம்."

"பிறகென்ன தயக்கம்?"

"சொல்ல மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்பதுபோல் சொன்னாள். பிறகு டோட்சே சார் பக்கம் திரும்பினாள். சந்தையில் முட்டைக் கூடையைத் தவறவிட்டவளிடம் அவள் அம்மா சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்:

"பபா, சார்."

"யோ" என்றார் டோட்சே சார்.

தொட்டிலிலிருந்து பழகிய நாக்கு. அவரைக் கேட்டுக்கொண்டு பேசவில்லை. கையும் தானாகப் போய் முழங்கையைத் தடவியது. பாதிரியார்கூடப் பழக்கதோஷத்தில், "பபா, டோட்சே, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, வேதாகமத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த முறை டோட்சே சார் அதைப் பார்க்கவில்லை. தனக்கு நேராத நஷ்டத்துக்கு ஹோவில் யாரும் 'யோ' சொல்வதில்லை. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சுவரோரம் அக்பெனே மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

செடோஃபியா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"யாய்ரா, கூட்டக் குறிப்பில் எவே மொழிக்கு இடமில்லை" என்றார் கடைசியில். குரலில் கொஞ்சம் கெஞ்சலும் இருந்தது. "நீ இப்போது சொன்னதற்கு ஒரு நல்ல கடினச் சொல்லாகக் கொடு. யாருக்கும் பாதகமில்லாமல் எழுதிக்கொள்கிறோம். நீயும் நிம்மதியாக அக்ராவுக்குப் போகலாம்."

யாய்ராவின் மனத்தில் அத்தனை சொற்களும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் 'என்னை எடு' என்றது.

"அது கஷ்டமான வார்த்தை இல்ல, மேடம்" என்றாள். "சாருக்கே புரிஞ்சிடுச்சு."

பேசிய எவே மொழிக்கு இரண்டு பாத்தி. யாரும் சொல்வதற்கு முன்பே அரிவாளை எடுக்க வெளியே போனாள்.