அந்தமானா, விசாகப்பட்டினமா?

கல்யாண பயோடேட்டாவில் பொய் எழுதாத ஆண் இன்னும் பிறக்கவில்லை என்பது என் கட்சி. உயரத்தில் இரண்டு அங்குலம், சம்பளத்தில் கொஞ்சம் என்று எல்லோரும் கூட்டிப் போட்டுக்கொள்கிறோம். நான் அந்த மாதிரி சில்லறைப் பொய் எதுவும் சொல்லவில்லை. 'பொழுதுபோக்கு: நீச்சல்' என்று மட்டும் போட்டிருந்தது.

போட்டவள் என் அக்கா. "நாள் பூரா டிவி முன்னாடி படுத்துக் கெடப்பான்னா எழுத முடியும்?" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சாந்தோமில் பெண் பார்க்கப் போன இடத்தில், வருங்கால மாமியார் காபியை நீட்டிக்கொண்டே, "நீச்சல் வருமாமே, தம்பி?" என்று கேட்டார். நான் பார்க்க வந்த பெண் ஸ்டெல்லா வேறு கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலேஜ்ல டிஸ்ட்ரிக்ட் லெவல், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன். (மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த எனக்கு அதிகபட்ச நீர்நிலைத் தொடர்பு, மழைக்காலத்தில் சப்வேயைக் கடப்பது.)

கல்யாணமாகி எட்டு வருஷம் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. சென்னையில் நீச்சல் தெரியாததை மறைப்பது ரொம்பச் சுலபம். மெரினாவுக்குப் போனால் சுண்டல் வாங்கப் போய்விடலாம்.

போன வருஷம் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. ஸ்டெல்லா, "அந்தமான்" என்றாள். முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் மீன் பார்க்கலாமாம்.

"விசாகப்பட்டினம் போலாமே" என்றேன். "அங்கயும் கடல் இருக்கு. ராத்திரி ரயில்ல ஏறினா காலையில போயிடலாம். பீச்லயே ஒரு நீர்மூழ்கிக் கப்பலை நிறுத்தி வச்சிருக்காங்க."

"தரையில நிக்கிற கப்பலைப் பார்க்கவா அவ்ளோ தூரம் போகணும்?"

"தீவுன்னா நாலு பக்கமும் தண்ணி, ஸ்டெல்லா. ஏதாவது ஒண்ணுன்னா எங்க ஓடுறது?"

"ஏன் ஓடணும்? போன இடத்துல என்ன பண்றதா உத்தேசம்?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமியார் வீட்டு மட்டன் குழம்புக்கு முன்னால் ஓட்டெடுப்பு நடந்தது. ஸ்டெல்லா, மாமியார், ஏழு வயது மகள் நான்சி மூவரும் தீவு. நான் கரை. ஆந்திரா சாப்பாட்டுக்காக மாமனாரும் கரை. மூன்றுக்கு இரண்டில் தோற்றேன்.

"டிஸ்ட்ரிக்ட் லெவல் நீங்க, நீங்களே இப்படிப் பின்வாங்கினா எப்படி மாப்ள?" என்றார் மாமியார். முப்பது வருஷம் ஆசிரியையாக இருந்தவர். சின்ன வயதில் சாந்தோம் கடலில் அண்ணன்மாரோடு நீந்தியவர். "எனக்கும் பழக்கம் விட்டுப்போச்சு. வர்ற சனிக்கிழமை அடையாறுல நீச்சல் குளத்துக்குப் போவோம். நான்சிக்கு நீங்க சொல்லிக் குடுங்க."

சனிக்கிழமை வரை எனக்குக் காய்ச்சல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமை ஐஸ் வாட்டரில் குளித்துப் பார்த்தேன். சுறுசுறுப்புதான் வந்தது.

குளத்தில் நீலத் தொப்பி மாட்டிக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். மாமியார் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் படகு மாதிரி போய் வந்துகொண்டிருந்தார். கோச் என்னிடம் வந்தார்.

"இன்னா சார், மேடம் உங்கள பெரிய ஸ்விம்மர்னு சொல்லிக்கினு கீறாங்க. நீங்க படியில குந்திக்கினு கீறீங்க?"

"வாம் அப் பண்றேன்" என்றேன்.

"ஒக்காந்துக்கினேவா?"

நான்சி தண்ணீருக்குள் நின்றபடி, "அப்பா, டைவ் அடிங்கப்பா!" என்று கத்தினாள். குளத்திலிருந்த மொத்த ஜனமும் திரும்பியது. மானம் என்று ஒன்று இருக்கிறதே. மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சாட்சிகள் சொல்லித்தான் தெரியும். கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக அடித்தேனாம். அந்தோணியாரையும் ஆரோக்கிய மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டேனாம். நடுவில் ஒரு தடவை, "பயோடேட்டா எங்கக்கா எழுதினது!" என்று வாக்குமூலமே கொடுத்திருக்கிறேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம், மூக்கு வழியாக மூளை வரை ஏறிய குளோரின் வாசனையும், திடீரென்று என் வலது காதைக் கெட்டியாகப் பிடித்த ஒரு கையும்தான்.

முப்பது வருஷம் காது திருகிய கை.

"மாப்ள," என்றார் மாமியார், குரலை உயர்த்தாமல், "எழுந்து நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் என் இடுப்பு வரை இருந்தது.

ஸ்டெல்லா கரையிலிருந்து கேட்டாள். "டிஸ்ட்ரிக்ட் லெவல்னு சொன்னீங்களே, எந்த டிஸ்ட்ரிக்ட்?"

"தண்ணி இல்லாத டிஸ்ட்ரிக்டா இருக்கும் மேடம்" என்றார் கோச்.

ஆட்டோவில் வீடு வரும்வரை யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்பதற்காக என்று பிற்பாடு தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா சிரிக்கவில்லை. துண்டை என் மேல் போட்டுவிட்டு, "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வைசாக்னு ஓட்டுப் போட்டிருப்பேனே. எட்டு வருஷமா என்கிட்ட சொல்லாம இருக்க முடிஞ்சுதா உங்களால?" என்றாள். குளத்தில் மூழ்கியதைவிட அப்போதுதான் மூச்சு முட்டியது. "கதவோரம் நீ நின்னுக்கிட்டு இருந்த. வேற என்ன சொல்லத் தோணும்?" என்றேன். உண்மை அதுதான். அவள் உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துவந்தாள்.

அதற்காகத் தீவை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் மூவரும் அந்தமான் போனார்கள். நானும் மாமனாரும் விசாகப்பட்டினம் போனோம். ஒரே அறை. அவர் குறட்டை விடுவார், விடியற்காலை ஐந்துக்கு எழுப்பி வாக்கிங் கூட்டிப் போவார், மூன்று வேளையும் கோங்குரா ஊறுகாய் சாப்பிட வைப்பார். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய் வந்தோம். நன்றாகத்தான் இருந்தது, நனையவில்லை. அன்று சாயங்காலம் அந்தமானிலிருந்து ஒரு போட்டோ வந்தது. கடலுக்கு அடியில், மஞ்சள் மீன்களுக்கு நடுவே, முகத்தில் கண்ணாடியோடு கட்டைவிரலை உயர்த்தியபடி என் மாமியார். மாமனார் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "மீன் பயந்திருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பதற்றத்துக்கும் ஒரே மருந்துதான். நான்சிக்குக் கணக்குப் பரீட்சையா, மைத்துனனுக்கு இன்டர்வியூவா, எல்லோருக்கும் குளத்தில் மாமியார் சொன்ன அதே உபதேசம். போன மழைக்குத் தேனாம்பேட்டை சிக்னலில் என் ஸ்கூட்டர் நின்றுபோனது. சுற்றிலும் ஒரே வெள்ளம். ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு, "தண்ணி ஏறிக்கிட்டே வருது!" என்று அலறினேன். எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று எதுவும் அவள் கேட்கவில்லை.

"முதல்ல எழுந்து நின்னீங்களா?" என்றாள்.

நின்றுகொண்டுதான் இருந்தேன். கணுக்கால் வரைதான் தண்ணீர். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.